வீட்டுக்காரர் வயிற்றில் பை: அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை

தாராபுரத்தாள் · பிப்ரவரி 9, இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இப்போதுதான் படுக்கை விரிப்பை அலசிக் காயப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்கு 49 வயது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போன சித்திரையிலிருந்தே அவருக்கு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று அவரே முடிவு கட்டி, துத்தி இலையும் கருணைக்கிழங்குமாக ஐந்து மாதம் ஓட்டிவிட்டார். எனக்கே புரட்டாசியில்தான் தெரியும். மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே மாத்திரை. ஜனவரி 8 அன்று கோவையில் ஆபரேஷன். கட்டி இருந்த பகுதியை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக் கூடாது என்பதற்காகச் சிறுகுடலை வலது பக்க வயிற்றில் வெளியே எடுத்து விட்டுப் பை மாட்டியிருக்கிறார்கள். கீமோ முடிந்ததும் உள்ளே வைத்து மூடிவிடலாம் என்கிறார்கள்.

பை மூன்று நாளாவது நிற்கும் என்றார்கள். எங்களுக்கு ஒரு நாள்கூட நிற்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கவாட்டில் ஒழுகி, பாய், தலையணை எல்லாம் போய்விடுகிறது. சுற்றியுள்ள தோல் தீக்காயம் மாதிரிச் சிவந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், இன்னும் மோசம். ஒரு பை 250 ரூபாய். கரண்டும் ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீட்டில் போய்விட்டது, பை மட்டும் எங்கள் கைக்காசு.

அதைவிடப் பெரிய கவலை அவர்தான். நான் பை மாற்றும்போது முழங்கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறார். முடிந்ததும் "ஆச்சா?" என்பார், அவ்வளவுதான் பேச்சு. பூஜை அறைப் பக்கமே போவதில்லை. அத்தை கூப்பிட்டும் போகவில்லை. என்னோடும் படுப்பதில்லை, கூடத்தில் தனிக் கட்டில். நான் எதில் தவறு செய்கிறேன் என்று தெரியவில்லை.

வார்டு_செல்வி · பிப்ரவரி 10, காலை 6:15

நான் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். தோல் ஆறினால்தான் மற்றதெல்லாம், அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

எண்ணெயை உடனே நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட தோலில் பசை ஒட்டாது, ஒழுகத்தான் செய்யும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கும். அது தோலையும் செரிக்கப் பார்க்கும். அதனால்தான் எரிச்சல். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, முழுக்கக் காய விடுங்கள். வயிற்றில் வெளியே தெரிகிற குடல் வாயைத்தான் ஸ்டோமா என்போம். அதற்கென்று உள்ள ஸ்டோமா பவுடரைப் புண்ணான இடத்தில் தூவி, மிச்சத்தைத் தட்டி விட்டுவிட வேண்டும். பவுடர் திட்டாக இருந்தாலும் பசை பிடிக்காது.

அடுத்தது ஓட்டை அளவு. ஆஸ்பத்திரியில் எந்த அளவில் வெட்டிக் கொடுத்தார்களோ அதே அளவில்தான் இன்னும் வெட்டுகிறீர்களா? ஆபரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம்வரை ஸ்டோமா வீக்கம் வற்றிச் சின்னதாகிக்கொண்டே வரும். பழைய அளவிலேயே வெட்டினால் நடுவில் தோல் வெளியே தெரியும், அதில்தான் மலம் தேங்கும். ஒவ்வொரு முறையும் அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறையட்டும் என்று விட்டால் எடை இழுத்துப் பசை பிரிந்துவிடும். மாற்றுவதற்கு நல்ல நேரம் விடிகாலை, வெறும் வயிறு. காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பாதியில் பீச்சும். அது உங்களுக்கே தெரிந்திருக்கும்!

ஸ்டோமாவைத் துடைக்கும்போது லேசாக ரத்தக் கசிவு வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் நிறம் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய_கண்டக்டர் · பிப்ரவரி 10, காலை 9:02

அம்மணி, நான் ஈரோடு. எனக்கும் பை உண்டு, இடது பக்கம், நிரந்தரம். ஒன்பது வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுக்காரர் செய்கிற அத்தனையும் நானும் செய்தேன், அந்த முழங்கை மடக்குவது உட்பட.

வேட்டி கட்டுகிறவரா? முடிச்சு சரியாகப் பையின் மேலேயே விழும். உட்கார்ந்து எழுந்தால் ஒழுகுவதற்கு அதுவே போதும். நான் ஒரு வருடம் எலாஸ்டிக் டிராக் பேண்ட்தான். அப்புறம் பனியன் துணியில் அகலமாக ஒரு பட்டி தைத்து, அதற்கு மேலே தூக்கி வேட்டி கட்டப் பழகிக்கொண்டேன். பட்டறையில் சிலிண்டர் உருட்ட விடாதீர்கள். கனம் தூக்கினால் பை இருக்கிற இடத்தில் குடல் பிதுங்கி ஹெர்னியா வரும். எனக்கு வந்தது.

ஐந்து மாதம் மூலம் என்று ஓட்டியதற்கு அவரைத் திட்டாதீர்கள். எனக்கு வைத்தியம் நடந்தது சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில். அதை ஆரம்பித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்ததும் மலக்குடல் புற்றுநோய்தான். டாக்டர் வீட்டிலேயே முதலில் சீதபேதி என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சாவை மனதில் வைத்திருந்துதான் 1954இல் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வெல்டிங் பட்டறைக்காரருக்கு எப்படித் தெரியும்?

பூஜை அறை விஷயம் ஒன்று. நான் போன தைப்பூசத்துக்குப் பையோடு பழனிப் படி ஏறினேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. படி இறங்கும்போது முழங்கால்தான் சொன்னது.

மணி_திருச்சி · பிப்ரவரி 10, இரவு 10:20

அக்கா, நான் எதிர்ப் பக்கம். பை இருந்தது என் மனைவிக்கு, பார்த்துக்கொண்டது நான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள் என்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். அலாரம் வைத்து எழுந்து காலி செய்வேன், கையுறை, டிரே, பஞ்சு என்று நர்ஸிங் ஹோம் மாதிரி வரிசையாக வைத்திருப்பேன். இரண்டாவது மாதம் ஒரு நாள் அவள் கத்திவிட்டாள்: "என்னைத் தொடுறப்ப எல்லாம் கையுறை போட்டுட்டுத்தான் தொடுறீங்க. என்னிக்காவது சும்மா தொட்டீங்களா?"

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. பையை அவளிடம் விட்டேன். நான் விடும்வரை அவளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தாராபுரத்தாள் · பிப்ரவரி 10, இரவு 11:30

செல்வி சிஸ்டர், அளவு நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை வைத்தே வெட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அளந்தால் சுற்றிலும் ஒரு விரல்கடை தோல் தெரிகிறது.

மணி தம்பி, நீங்கள் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. அவருக்கு ஒரு ஊசி போட்டாலே முகம் வெளிறிவிடும். நான் விட்டுவிட்டால் யார் செய்வார்கள்? ராத்திரி ஒழுகியபடி கிடப்பாரா?

மணி_திருச்சி · பிப்ரவரி 11, காலை 7:44

ஒரேயடியாக விடச் சொல்லவில்லை அக்கா. காலி செய்வதை மட்டும் முதலில் அவரிடம் கொடுங்கள். அதற்கு ஸ்டோமாவைப் பார்க்கவே வேண்டாம். கீழே உள்ள மடிப்பைப் பிரித்தால் போதும்.

கோதுமைப்புல் · பிப்ரவரி 11, மதியம் 1:10

கீமோ கெமிக்கல் உடம்புக்கு வேண்டாம் சகோதரி. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் காலையில் குடிக்கச் சொல்லுங்கள். அதிலிருந்துதான் அவர்களே புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். கூடவே கோதுமைப்புல் சாறு. 48 நாளில் வித்தியாசம் தெரியும்.

வார்டு_செல்வி · பிப்ரவரி 11, மதியம் 2:05

நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள் என்பது உண்மை. அந்த மருந்தை ஏற்றியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். ஒன்று இரண்டு மில்லிகிராம் கணக்கு, ஒரு ஆளுக்கு இரண்டு பேர் சரிபார்த்துத்தான் ஏற்றுவோம். இலையை அரைத்தால் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நஞ்சு அது. மலக்குடல் புற்றுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதும் இல்லை. பை உள்ளவருக்கு வெறும் வயிற்றில் புல் சாறு கொடுத்தால் என்ன ஆகும் என்று பையைக் காலி செய்கிறவரைக் கேளுங்கள்.

நெறியாளர் · பிப்ரவரி 11, மாலை 4:30

சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இங்கே வேண்டாம். முந்தைய பதிவையும் பதிலையும் அழிக்கவில்லை, படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

தாராபுரத்தாள் · பிப்ரவரி 22, காலை 10:15

நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

தோல் ஆறிவிட்டது. பை இப்போது மூன்று நாள் நிற்கிறது. காலி செய்வதை அவரிடம் கொடுத்தேன். முதல் நாள் பாத்ரூமில் அரை மணி நேரம். வெளியே நின்று கதவைத் தட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று விடிகாலை பை மாற்ற உட்கார்ந்தோம். வழக்கம்போல அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் புதுப் பையின் பசைத் தட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி நேராக இருக்கும், ஓட்டையோ வட்டம். வெட்டி வெட்டிப் பல் பல்லாக வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தார்.

"இதென்ன வெட்டு, எலி கடிச்ச மாதிரி?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க வெட்டுங்க."

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். குழாய் மூட்டு ஒழுகாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட்டை வெட்டுகிற ஆள் இல்லையா! தட்டைத் திருப்பிப் பார்த்தார், விரலால் பசை கனத்தைத் தடவினார், "இதுக்குத்தான் பாதி ஒழுகியிருக்கு" என்றார். அப்புறம் அளவு கேட்டார். 28 மில்லி என்றேன். "நீ எங்க அளந்த? இது வட்டமே இல்லையே" என்று குனிந்து பார்த்தார். குனிந்து பார்த்தார்! நாற்பத்து நாலு நாளுக்கு அப்புறம். நான் மூச்சு விடவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, அளவில்தான் கண்.

அது முட்டை வடிவம்தானாம். நான் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தேனாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்து, அதில் அளவு வெட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்று உத்தரவு. ஓரத்தை விரலால் நீவி மழுக்கச் சொன்னார். "பிசிறு இருந்தா குத்தும்."

ஒட்டியது நான்தான். ஆனால் அவர் கண்ணை மூடவில்லை.

பழைய_கண்டக்டர் · பிப்ரவரி 22, காலை 11:40

அம்மணி, அந்த எக்ஸ்ரே ஃபிலிம் யோசனையை நான் சுட்டுக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக மருந்துக் கடைக்காரர் கொடுத்த அட்டையோடு போராடுகிறேன்.

கொஞ்ச நாளில் அது சத்தம் போட ஆரம்பிக்கும், தயாராக இருங்கள். என்னுடையது ஒரு துக்க வீட்டில், எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில், நீளமாக ஒன்று விட்டது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி "அழுதுடுங்க, அடக்காதீங்க" என்றார்.

தாராபுரத்தாள் · மார்ச் 3, இரவு 9:50

நேற்று முதல் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்று. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றுகிறார்கள், இரண்டு மணி நேரம். அப்புறம் வீட்டில் 14 நாள் கேப்பசிட்டபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. மொத்தம் ஆறு சுற்று.

குளிர்ச்சி ஆகாது என்று சொன்னார்கள். பிரிட்ஜ் தண்ணீரைத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்தோம். இன்று காலை பட்டறையைத் திறக்கிறேன் என்று போய், ராத்திரி பனியில் கிடந்த இரும்பு ஷட்டரைத் தொட்டிருக்கிறார். கரண்ட் அடித்த மாதிரிக் கையை உதறியிருக்கிறார். பானைத் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கிறதாம். இனி வெந்நீர்தான், கைக்குத் துணி உறை.

செல்வி சிஸ்டர், சாப்பாட்டில் என்ன பார்க்க வேண்டும்?

வார்டு_செல்வி · மார்ச் 4, காலை 6:30

மாத்திரை சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். வீட்டில் நீங்களாகக் குறைக்காதீர்கள். காய்ச்சல் 100.4 வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்பிப் போங்கள்.

சாப்பாட்டில் சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம் மலத்தைக் கெட்டியாக்கும். தேங்காய்ச் சில்லு, காளான், சோளம், வேர்க்கடலை, பலாச்சுளை, முருங்கைச் சக்கையை விழுங்குவது எல்லாம் குடலை அடைக்கும். பை திடீரென்று காலியாகவே இருந்து வயிறு முறுக்கி வாந்தி வந்தால் அடைப்பு என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். கீமோவோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். பையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று அளவுக் குவளை வைத்து அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

யாழ்_வாசகன் · மார்ச் 4, இரவு 8:12

நான் யாழ்ப்பாணம். என் மனுசிக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பார்த்தனாங்கள். செல்வி சிஸ்டர் சொன்ன மாதிரி ஒரு கொப்பியில் எழுதி வைத்தது எங்களுக்குப் பெரிய உதவி. இன்னொன்றும் செய்தோம். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரம் வருத்தத்தைப் (நோயைப்) பற்றி ஒரு சொல்லும் கதைக்கிறதில்லை. முதல் கிழமை கதைக்க ஒன்றுமே இல்லாமல் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அதுவும் நல்லாத்தான் இருந்தது.

தாராபுரத்தாள் · ஏப்ரல் 9, இரவு 10:05

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறோம். இதில் தப்பு என்னுடையதுதான், மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாவது சுற்று மாத்திரையிலேயே பைக்குப் பேதி மாதிரி வர ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் அளந்தேன். அப்புறம் பள்ளியில் ஆண்டுத் தேர்வு வேலை, அளப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்று நினைத்து இளநீரும் தண்ணீருமாகக் கொடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டு எழுந்தவர் எழுந்த வேகத்தில் சாய்ந்துவிட்டார். காரில் கோவைக்குப் போவதற்குள் நாக்கு உலர்ந்து பேச்சே வரவில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுவது) ஏறியிருந்தது. ஐந்து நாள் சலைன்.

டூட்டி டாக்டர் "எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வார்டு_செல்வி · ஏப்ரல் 10, காலை 6:20

பெரிய கிணறு தாண்டியிருக்கிறீர்கள். சிறுகுடல் பை உள்ளவருக்குப் போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்பும் சேர்ந்தே போகிறது. வெறும் தண்ணீராகக் குடித்தால் அது இன்னும் கூடுதலாக உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போகும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அதனால் ஈடு ஆகாது. ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீரில், பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவு மாறாமல். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. பேதியைக் குறைக்கிற லோபரமைடு மாத்திரை எழுதித் தந்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால்.

மணி_திருச்சி · ஏப்ரல் 10, காலை 8:00

அக்கா, அளப்பதை யார் செய்தது? நீங்களா, அவரா?

தாராபுரத்தாள் · ஏப்ரல் 11, இரவு 11:55

மணி தம்பி, உங்கள் கேள்வி ராத்திரி முழுக்கக் குடைந்தது.

நான்தான். அவர் காலி செய்கிறார், குவளையை நான்தான் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நோட்டும் என்னுடையது, என் பள்ளி நோட்டு. எனக்கு வேலை வந்ததும் நின்றுவிட்டது.

பிப்ரவரியில் உங்களோடு சண்டை போட்டேனே, அதில் ஒன்றை நான் சொல்லவில்லை. பை மாற்றுவது எனக்குப் பாரமாகவே இல்லை. அந்த இருபது நிமிடம்தான் எனக்கு நிம்மதி. ஏதோ ஒன்றைக் கழுவி, துடைத்து, ஒட்டி, சரி செய்ய முடிகிறது. மற்ற நேரமெல்லாம் ஸ்கேனில் என்ன வருமோ என்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பாதி எனக்காக.

நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். பட்டறைக் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதுகிறார்: "காலை வரவு 300, பற்று 350."

மணி_திருச்சி · ஏப்ரல் 12, காலை 7:10

பாதி எனக்காக என்று நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே "முக்கால்வாசின்னு சொல்லு" என்றாள், என்னைப் பார்த்து.

இன்னொன்றும் இருக்கிறது அக்கா, பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தனிக் கட்டில் விஷயம். நாங்கள் எட்டு மாதம் தனித்தனியாகப் படுத்தோம், இரண்டு பேருமே மற்றவருக்குத்தான் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு. பையைக் காலி செய்துவிட்டு மேலே ஒரு துணிப் பட்டி கட்டிக்கொண்டால் பக்கத்தில் படுப்பதில் ஒன்றும் ஆகாது. முதலில் அது போதும்.

வார்டு_செல்வி · ஏப்ரல் 12, காலை 7:58

மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த ஆபரேஷனிலும் கரண்டிலும் இடுப்புக்குள் இருக்கிற நரம்புகள் பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு விறைப்பு குறைவது அடிக்கடி நடக்கிறது. அது அன்பு குறைந்ததால் இல்லை, அருவருப்பாலும் இல்லை. அவராகக் கேட்க மாட்டார். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

பழைய_கண்டக்டர் · ஏப்ரல் 12, மாலை 5:25

செக்கப்புக்குச் சென்னை போகிறவர்கள் ரயில் சலுகையை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படிவம் எழுதி வாங்கினால் சிகிச்சைக்குப் போகிற நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி.

தாராபுரத்தாள் · ஏப்ரல் 12, இரவு 9:00

கண்டக்டர் ஐயா, எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. பஸ்ஸில் ஏதாவது பார்த்துச் சொல்லுங்கள்!

செல்வி சிஸ்டர், மணி தம்பி, நன்றி. கூடத்துக் கட்டில் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. துணி உலர்த்தப் பயன்படுகிறது.

தாராபுரத்தாள் · ஆகஸ்ட் 6, மதியம் 3:40

நான்கு மாதம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். ஆறு சுற்றும் முடிந்தது, கடைசி இரண்டில் அளவைக் குறைத்தார்கள். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. விரல் நுனி மரத்தது மட்டும் போகவில்லை. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். அதை மட்டும் அவர் கேட்டுச் செய்யச் சொல்கிறார்.

குடலை உள்ளே வைத்து மூட 19ஆம் தேதி. அதற்கு முன்னால் பின்வழியாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், தையல் ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்க்க. ஒழுகவில்லை. "நம்ம வெல்டிங் மாதிரிதான், டெஸ்ட் பண்ணித்தான் டெலிவரி" என்றார்.

பயம் எனக்குத்தான். பை போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆகிவிடுமா?

வார்டு_செல்வி · ஆகஸ்ட் 6, இரவு 8:15

ஆகாது. இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஆபரேஷன் சின்னதுதான், அதே ஓட்டை வழியாக எடுத்துத் தைத்து உள்ளே தள்ளுவார்கள். ஆனால் மலத்தைத் தேக்கி வைக்கிற மலக்குடலில் பெரும்பகுதி அவருக்கு இல்லை. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறைகூடப் போக வேண்டி வரும். போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி வரும். அடக்க முடியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். ஆசனவாயைச் சுருக்கி விரிக்கிற பயிற்சியை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். தோலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு வாங்கி வையுங்கள். பாத்ரூமுக்கு வழியில் சாமான் எதுவும் இருக்கக் கூடாது.

தாராபுரத்தாள் · செப்டம்பர் 14, அதிகாலை 3:20

செல்வி சிஸ்டர் எச்சரித்திருக்காவிட்டால் நாங்கள் உடைந்து போயிருப்போம். நேற்று பதினாறு முறை. இப்போது பதினேழாவது, நான் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் பட்டறைக்குப் போகும் வழியில் முடியாமல் போய்விட்டது. திரும்பி வந்து, குளித்து, துணியை அவரே அலசிப் போட்டுவிட்டு, "பையே தேவலாம் போல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் எதையாவது செய்யத்தான் கை பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பழைய_கண்டக்டர் · செப்டம்பர் 14, காலை 5:50

ஊரில் எந்த எந்த இடத்தில் கழிப்பறை என்று ஒரு ரூட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு செட் துணி வண்டி டிக்கியில். முப்பது வருடம் ரூட் போட்ட ஆள் சொல்கிறேன்.

புதுவரவு_கரூர் · நவம்பர் 21, இரவு 10:30

இந்த இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். அப்பாவுக்குப் போன வாரம் இதே ஆபரேஷன். அம்மாதான் பை மாற்றுகிறார். தினமும் ஒழுகுகிறது. ஒரே பக்கமாக, தொப்புள் பக்கம். அளவு சரியாகத்தான் வெட்டுகிறோம். யாராவது சொல்ல முடியுமா?

தாராபுரத்தாள் · நவம்பர் 22, காலை 7:05

தம்பி, நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன். அவங்க பள்ளிக்கூடம் கிளம்பிட்டு இருக்காங்க, நான் சொல்றதை மகன் டைப் பண்றான்.

ஒரே பக்கம் ஒழுகுதுன்னா அந்தப் பக்கம் பள்ளம் இருக்கும். படுத்துட்டுப் பாத்தா தெரியாது. அப்பாவை உக்கார வைங்க, கொஞ்சம் முன்னால குனியச் சொல்லுங்க, அப்ப எங்க மடிப்பு விழுதுன்னு பாருங்க. அந்த இடத்துல மட்டும் ஸ்டோமா பேஸ்ட்டைக் கொஞ்சமா வெச்சு மட்டம் பண்ணிட்டு அப்புறம் தட்டை ஒட்டுங்க. நிறைய வெக்காதீங்க, அது பசை இல்ல, சுவத்துப் பள்ளத்துக்குப் பட்டி பாக்குற மாதிரி. ஒட்டினதும் உள்ளங்கையை மேல வெச்சு அஞ்சு நிமிஷம் அப்படியே பிடிச்சுக்கணும், சூட்டுலதான் பிடிக்கும்.

அஞ்சு நிமிஷம் பிடிக்கிறதை அப்பாவையே பண்ணச் சொல்லுங்க.

எங்கிட்ட ஏழு பை பிரிக்காம மிச்சம் இருக்கு. கரூர் பஸ்ஸுல குடுத்து விடட்டுமா?